சபையைக் கேட்டல்: நகைச்சுவைக் கலைஞன் குறித்துச் சில எண்ணங்கள்

1

வாசகன் என்ன நினைப்பான் என்று வாய்விட்டுக் கேட்கும் எழுத்தாளன் நம்மிடையே பாதி கெட்டுப்போனவனாகவே கருதப்படுகிறான். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வாசகனின் விருப்பத்தை முன்கூட்டியே கணித்து, அந்த அளவுக்குத் தைத்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட பத்திரிகைகளை எதிர்த்துத்தான் சிறுபத்திரிகை தோன்றிற்று. ஆகவே கேட்பவனை மறப்பது, குறைந்தபட்சம் மறந்ததாகக் காட்டிக்கொள்வது, நமக்கு ஓர் ஒழுக்கமாகவே ஆகிவிட்டது. இந்த ஒழுக்கத்தின்மீது எனக்குச் சில காலமாகச் சந்தேகம். சந்தேகத்தைக் கிளப்பியவர்கள் இலக்கியவாதிகள் அல்ல. ஒலிபெருக்கியின் முன் தன்னந்தனியாக நின்று பேசி, முன்பின் தெரியாதவர்களைச் சிரிக்கவைக்கும் 'ஸ்டாண்ட்-அப்' கலைஞர்கள். முக்கியமாக, ரிச்சர்ட் ப்ரையர் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞன்.

மதுவிடுதிகளிலும் இரவு விடுதிகளிலும் வளர்ந்த ஒரு கலையை இந்தப் பக்கங்களில் பேசுவதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கலைக்கும் அதை எதிர்கொள்பவனுக்கும் உள்ள உறவு வேறெந்தக் கலையிலும் இவ்வளவு நிர்வாணமாகத் தெரிவதில்லை. 1900இல் பெர்க்ஸன் சிரிப்பைப் பற்றி எழுதியபோது, சிரிப்புக்கு எதிரொலி தேவை, சிரிப்பு எப்போதும் ஒரு குழுவின் சிரிப்பு என்றார். 1905இல் ப்ராய்ட் இன்னும் நெருங்கிப் பார்த்தார். வேடிக்கைப் பேச்சில் மூன்று பேர் இருக்கிறார்கள். சொல்பவன் ஒருவன், கேலிக்கு ஆளாகிறவன் ஒருவன், கேட்கிறவன் ஒருவன். அந்த மூன்றாமவன் சிரிக்கும்போதுதான் சொன்னவனின் காரியம் பூர்த்தியாகிறது. ஒரு கவிதை இழுப்பறைக்குள் பத்து வருஷம் கிடந்த பிறகும் கவிதையாகவே வெளியே வரலாம். இழுப்பறைக்குள் நகைச்சுவை என்று ஒன்று கிடையாது. அங்கே கிடப்பது ஓர் உத்தேசம் மட்டுமே.

கென் டாட் என்ற லிவர்பூல் நகைச்சுவைக் கலைஞர் இந்தத் தத்துவத்தையே கேலி செய்தார். ப்ராய்டிடம் உள்ள கோளாறு, அவர் ஒரு சனிக்கிழமை இரவு கிளாஸ்கோ எம்பயர் அரங்கில் ஏறி நின்றதில்லை என்பதுதானாம். ஆங்கிலேயக் கலைஞர்களின் சுடுகாடு என்று பெயர்பெற்ற அரங்கு அது. கேலிக்குள் ஒரு விமர்சனம் இருக்கிறது. மூன்றாமவனைப் பற்றிய கோட்பாடு ப்ராய்டிடம் இருந்தது. இருட்டில் உட்கார்ந்திருக்கும் மூன்றாமவனின் மூச்சு இவரிடம் இருந்தது.

நான் கேட்க நினைக்கும் கேள்வி ஒன்றுதான். கேட்பவனைக் கேட்பது, கேட்பவனுக்குக் கீழ்ப்படிவது, இரண்டும் ஒன்றா?

2

முதலில் அவன் எப்படிக் கேட்கிறான் என்று பார்க்க வேண்டும். 'கேட்கிறான்' என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். மேடை விளக்குகள் முகத்தில் அடிப்பதால் முன்வரிசைகளுக்கு அப்பால் அவனுக்குப் பெரும்பாலும் இருட்டுத்தான். சபையை அவன் கண்ணால் படிப்பதைவிடக் காதால் படிப்பதே அதிகம். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது ஓரளவு புரியும். வரிசையின் பொறுமை எந்தக் கணத்தில் முறிகிறது என்பதை லெட்ஜரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிடலாம். செருப்பு தரையில் தேயும் சத்தம் மாறும். பேச்சு ஒரு கணம் நின்று, வேறு சுருதியில் மறுபடி ஆரம்பிக்கும்.

அவன் காதில் விழுவது ஒரே சிரிப்பு அல்ல. யோசிப்பதற்கு முன்பே உடலை மீறி வெளியே வந்துவிடும் சிரிப்பு ஒன்று. சிரித்த பிறகே, இதற்கா சிரித்தோம் என்று சிரித்தவன் திகைப்பான். பக்கத்தில் இருப்பவன் சிரிக்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, அங்கங்கே துண்டு துண்டாக எழும் சிரிப்பு இன்னொன்று. நானும் உன் கட்சிதான் என்று அறிவிக்கும் சம்மதச் சிரிப்பு மூன்றாவது. இதில் சத்தம் அதிகம், வியப்பு கிடையாது. சீக்கிரமே கைதட்டலாக மாறிவிடும். மௌனத்திலும் வகை உண்டு. நாற்காலி கூட அசையாத மௌனம் ஒன்று; கண்ணாடித் தம்ளர்களின் ஓசையும் இருமலும் கேட்கும் மௌனம் வேறு. முன்னதில் சபை அவனோடு இருக்கிறது, பின்னதில் அவனைக் கைவிட்டுவிட்டது. தேர்ச்சியற்றவனுக்கு இரண்டும் ஒரே மௌனம்தான். பயத்தில் அடுத்த துணுக்குக்குத் தாவி, தனக்குக் கிடைத்திருந்ததையும் இழந்துவிடுகிறான்.

சிரிப்புக்கு ஒரு வடிவமும் உண்டு. எழுகிறது, உச்சம் தொடுகிறது, இறங்குகிறது. இறங்க ஆரம்பித்த பிறகு, முற்றிலும் அடங்குவதற்கு முன்னால், அடுத்த வாக்கியம் வந்து விழவேண்டும். முந்திப் பேசினால், சிரித்தால் அடுத்தது காதில் விழாது என்று சபை பயந்து சிரிப்பை அடக்கக் கற்றுக்கொண்டுவிடும். பிந்தினால் அறை குளிர்ந்துபோகும். இந்தக் கணத்தை எழுதி வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வோர் இரவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஜாக் பென்னியின் 1948ஆம் வருஷத்து வானொலி நிகழ்ச்சி ஒன்று இதற்குப் பிரசித்தமான உதாரணம். வழிப்பறிக்காரன் பணமா உயிரா என்று கேட்கிறான். பென்னி பதில் சொல்வதில்லை. அந்த மௌனத்திலேயே அரங்கம் சிரிக்கத் தொடங்குகிறது. பல வருஷங்களாக அவர் வளர்த்துவந்த கஞ்சன் என்ற பாத்திரத்தைச் சபைக்குத் தெரியும். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் பிறகு சொல்வது இரண்டாம்பட்சம். மௌனத்தை அவர் தொடங்கிவைத்தார். அதன் நீளத்தைத் தீர்மானித்தது சபை.

குறுக்கே குரல் கொடுப்பவனை எதிர்கொள்வதிலும் இதே கணக்குத்தான். அவன் சபையிலிருந்து வருகிறவன்; ஆரம்பத்தில் சபையின் அனுதாபம் ஓரளவு அவன் பக்கம் இருக்கும். கெட்டிக்காரக் கலைஞன் அவன் சொன்னதை முதலில் எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்கிறான். யோசிக்க அவகாசம் கிடைக்கிறது, குற்றமும் பகிரங்கமாகிறது. அதன்பின் குற்றத்தின் அளவுக்கே அடிக்க வேண்டும். ஒரு மடங்கு கூடுதலாக அடித்தாலும் மேடையும் ஒலிபெருக்கியும் அவன் கையில் இருப்பது சபைக்கு நினைவு வந்துவிடும். அவன் சபையின் ஆளாக இருந்தவன், அந்தக் கணத்திலிருந்து அதிகாரி.

இந்தத் தொழிலில் தோற்றுப்போவதற்கு 'செத்துப்போதல்' என்றும், ஜெயிப்பதற்குக் 'கொல்லுதல்' என்றும் பெயர். இருவரில் ஒருவர் சாகவேண்டும் என்ற பயம் அந்தப் பரிபாஷையில் இருக்கிறது. பயத்திலிருந்து தப்பிக்க ஒவ்வொருவரும் ஒரு வழி கண்டார்கள். கென் டாட் எந்த ஊரில் எந்தத் துணுக்கு எடுபட்டது என்று நோட்டுப் புத்தகங்களில் குறித்துவைத்து, பிரிட்டனுக்கே ஒரு சிரிப்பு வரைபடம் தயாரித்தார். 1963இல் இறந்த மாக்ஸ் மில்லரின் வழி வேறு. வெள்ளைப் புத்தகம், நீலப் புத்தகம் என்று இரண்டை எடுத்துக் காட்டி எது வேண்டும் என்று சபையையே கேட்பார். நீலம் ஆபாசம். சபை நீலத்தையே கேட்கும். பிறகு பாதி வாக்கியத்தில் நிறுத்துவார். மீதியைச் சபை தன் மனசுக்குள் பூர்த்தி செய்து சிரிக்கும். அவரோ தமக்குச் சம்பந்தமே இல்லாதது போல், கெட்ட எண்ணம் உங்களுடையது என்று அதட்டுவார். தேர்வையும் குற்றத்தையும் சபையின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் இந்த சாமர்த்தியம் அலாதியானது. ஆனால் கவனித்தால், மில்லரின் சபை வீடு திரும்பும்போது வந்தபடியேதான் திரும்புகிறது. தான் விரும்புவது என்ன என்று அதற்கு முன்பே தெரியும்.

3

கேட்பது எங்கே கீழ்ப்படிதலாக மாறுகிறது என்பதை நேராக நாடகமாக்கியவர் ட்ரெவர் க்ரிஃபித்ஸ். அவருடைய 'காமெடியன்ஸ்' 1975இல் நாட்டிங்ஹாமில் அரங்கேறிற்று. மான்செஸ்டரில் இரவுப் பள்ளி ஒன்றில், ஓய்வுபெற்ற கலைஞரான வாட்டர்ஸ், கூலி வேலைகளில் மாட்டிக்கொண்ட சிலருக்கு நகைச்சுவை கற்றுக்கொடுக்கிறார். கேட்பவர்கள் பார்க்கக் கூசுவதைப் பார்க்கத் துணிகிறவன்தான் கலைஞன் என்பது அவர் கட்சி. அவர்களைத் தேர்வு செய்ய லண்டனிலிருந்து வரும் ஏஜெண்டு சாலனர், சபைக்கு வேண்டியதைக் கொடுப்பதற்கு மேல் நமக்கு வேலை இல்லை என்று போகிறபோக்கில் சொல்லிவைக்கிறான். அடுத்த அங்கத்தில் அவர்கள் பிங்கோ ஆட்டத்துக்கு வந்த கூட்டத்தின் முன் நிற்கிறார்கள். யூதரான ஸாமுவெல்ஸ் தன் சொந்த அனுபவத்தில் ஆரம்பிக்கிறான், சபை அசையவில்லை, உடனே இனத்தையும் பெண்களையும் இழிவுபடுத்தும் பழைய துணுக்குகளுக்குத் தாவிவிடுகிறான். அவனுக்குச் சபையைப் படிக்கத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. மிகத் துல்லியமாகவே படித்துவிட்டான். அந்தத் துல்லியம்தான் அவனுடைய வீழ்ச்சி.

இந்த நாடகத்தின் கடுமை இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சபையைச் சரியாகப் புரிந்துகொண்டவனே கெட்டுப்போகிறான் என்றால், புரிந்துகொள்ளாமல் இருப்பதே நேர்மை என்று ஆகிவிடும். நம் சிறுபத்திரிகை ஒழுக்கம் இந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. ப்ரையர் இதைத் தாண்டிப் போனான்.

1940இல் இல்லினாய்ஸ் மாகாணத்தின் பியோரியா நகரில் பிறந்து, பாட்டி நடத்திய விபசார விடுதியில் வளர்ந்தவன் ப்ரையர். 1960களில் அவன் மேடையேறியபோது பில் காஸ்பியை நகல் செய்தான். வெள்ளையர் சபைக்குச் சங்கடம் தராத, சுத்தமான, துள்ளலான நகைச்சுவை. பணமும் தொலைக்காட்சியும் வந்தன. 1967 செப்டம்பரில் லாஸ் வேகாஸின் அலாதீன் ஹோட்டல் மேடையில் நின்று சபையைப் பார்த்தான். முன்னால் டீன் மார்ட்டின் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இங்கே நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டான்.

இதை மனமுறிவு என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது ஒரு வாசிப்பாகப்படுகிறது. அதுவரை அவன் சபையைப் படித்து வந்தான்: இவர்களுக்கு என்ன பிடிக்கும்? அன்று அதே சபையைத் திருப்பிப் படித்தான்: நான் யாராக நிற்பதால் இவர்களுக்கு என்னைப் பிடிக்கிறது? சபையின் முகத்தில் தெரிந்தது அவனுடைய முகம் அல்ல. தன் பாட்டியும், பியோரியாவின் குடிகாரர்களும், வேசிகளும், சூதாடிகளும் எட்டிப்பார்க்க முடியாத ஒரு முகத்தை அவன் சபைக்குக் கொடுத்திருந்தான். சபை அதைத் திருப்பிக் காட்டிற்று. சில வருஷங்களில் அந்த மனிதர்களின் குரல்களோடு வேறொரு கலைஞனாகத் திரும்பி வந்தான்.

4

1978 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் படமாக்கப்பட்டு 1979இல் வெளிவந்த 'லைவ் இன் கன்ஸர்ட்' படத்தின் ஆரம்பத்தைக் கவனிக்க வேண்டும். இடைவேளை முடிந்து சபை இன்னும் உட்கார்ந்து முடிக்கவில்லை. பலர் இருக்கையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ப்ரையர் வந்துவிடுகிறான். சபை அடங்கட்டும் என்று காத்திருப்பதில்லை. தயாரித்த துணுக்கோடு தொடங்குவதும் இல்லை. வெளியே போன வெள்ளையர்கள் திரும்பிவந்து, தங்கள் இருக்கையில் கறுப்பர்கள் உட்கார்ந்திருப்பதைக் காணும் காட்சியைத்தான் அவன் முதலில் எடுத்துக்கொள்கிறான். அவர்களுடைய மூக்கடைத்த மரியாதைக் குரல், உட்கார்ந்திருப்பவனின் அலட்சியம், இரண்டும் அவன் உடலில் மாறிமாறி வருகின்றன.

அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அது. ப்ரையர் அறைக்குள் நுழைந்த மாத்திரத்தில் அதைக் கேட்டுவிட்டான், சொல்லியும் விட்டான். கறுப்பர் ஒருவிதமாகச் சிரிக்கிறார்கள், வெள்ளையர் ஒருவிதமாகச் சிரிக்கிறார்கள். ஆனால் ஒருவர் சிரிப்பை மற்றவர் கேட்டுக்கொண்டே சிரிக்கிறார்கள். அரங்குக்குள் வரும்போது இரண்டாக இருந்த சபை ஒன்றாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாக இருப்பது அதற்கே தெரிந்துவிட்டது. மில்லரின் சபைக்கு நேராத அனுபவம் இது.

அதே படத்தில் தன் மாரடைப்பைச் சொல்கிறான். இதயம் ஒரு ரவுடியின் குரலில் அவனை மிரட்டுகிறது, கேள்வி கேட்கிறது, அவன் கெஞ்சிக்கொண்டே தரையில் விழுகிறான். சபையை அவனால் பார்க்க முடியாது. காது மட்டுமே மிச்சம். வலியை இன்னும் ஒரு திருகு திருகினால் சிரிப்பு நின்றுவிடும் என்ற எல்லைவரை போகிறான், அங்கே தங்குகிறான், திரும்புகிறான். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைச் சபைதான் அவனுக்குச் சொல்கிறது. அங்கே போவதென்று முடிவு செய்தவன் அவன். கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது. எவ்வளவு தூரம் என்பதைச் சபையிடம் கேட்கலாம். எந்தத் திசை என்று கேட்கக் கூடாது.

1982இல் வந்த 'லைவ் ஆன் த ஸன்ஸெட் ஸ்ட்ரிப்' படத்தில் இது இன்னும் கடுமையான சோதனைக்கு உள்ளாகிறது. 1980இல் உடம்பில் தீப்பற்றிச் சாவின் விளிம்புவரை போய் வந்தவன் பேசுகிறான். பல வருஷங்களாகக் கறுப்பர்களைக் குறிக்கும் அந்த வசைச் சொல் அவனுடைய முத்திரையாக இருந்தது. 1974இல் வந்த இசைத்தட்டின் தலைப்பிலேயே அது உண்டு. அவன் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் சபை சிரித்துப் பழகியிருந்தது. ஆப்பிரிக்காவுக்குப் போய்வந்ததையும், அங்கே சுற்றிலும் பார்த்தபோது அந்தச் சொல்லுக்கு உரியவன் ஒருவன்கூடக் கண்ணில் படாததையும், இனி அதைச் சொல்வதில்லை என்று தீர்மானித்ததையும் இந்த மேடையில் சொல்கிறான். சபைக்குப் பிடித்தமான ஒன்றைச் சபையின் முன்னிலையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வது சாதாரணக் காரியம் அல்ல. அறை அமைதியாகிறது. தான் இவ்வளவு காலம் எதற்குச் சிரித்தோம் என்று கேட்டுக்கொள்ளும் அமைதி. அந்த அமைதியைத் துணுக்கு ஒன்றைப் போட்டு அவன் அவசரமாக மூடுவதில்லை. பத்து வருஷமாகச் சபையைக் கேட்டுவந்தவனால்தான் அவ்வளவு நேரம் அதன் மௌனத்தைத் தாங்க முடியும்.

5

கேட்கும் சக்தியை இழந்தவர்களும் உண்டு. லென்னி ப்ரூஸை நம்மில் பலர் ஒரு தியாகியாகவே அறிவார்கள். 1961 பிப்ரவரியில், நியூயார்க் பனிப்புயலில் முடங்கிக் கிடந்த ஒரு நள்ளிரவில், கார்னகி ஹாலை நிரப்பி அவன் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டால், ஜாஸ் வாத்தியக்காரனைப் போல, கேட்டுக்கொண்டே யோசிக்கும் ஒரு குரலைக் கேட்கலாம். அதே வருஷம் ஆபாசக் குற்றச்சாட்டில் ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவில் முதல் கைது. 1964இல் நியூயார்க்கில் வழக்கு. ஆலன் கின்ஸ்பெர்க் முன்னின்று திரட்டிய ஆதரவு அறிக்கையில் லயனல் ட்ரில்லிங்கும் கையெழுத்திட்டார். தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு முடியாமலே 1966 ஆகஸ்டில் இறந்தான். 2003இல் நியூயார்க் மாகாண ஆளுநர் மன்னிப்பு வழங்கினார்.

அந்த வழக்கில் ஒரு காட்சி. உரிம இலாகாவின் ஆய்வாளர் ஒருவர், விடுதியில் உட்கார்ந்து தாம் எடுத்த குறிப்புகளை வைத்துக்கொண்டு, ப்ரூஸின் நிகழ்ச்சியை நீதிமன்றத்தில் சொல்லிக்காட்டுகிறார். இந்த ஆள் என் நிகழ்ச்சியைக் கெடுத்துச் சொல்கிறான், இவனுடைய தப்பான தாளத்துக்கு நான் ஜெயிலுக்குப் போகப்போகிறேன் என்று ப்ரூஸ் புலம்பினான். இலக்கிய விமர்சகன் யோசிக்க வேண்டிய விஷயம் இது. சொற்கள் ஏறக்குறைய அவையே. ஆனால் எந்தச் சொல்லுக்குப் பின் சபை சிரித்தது, எங்கே மூச்சடக்கியது என்பது குறிப்பில் இல்லை. சபையைக் கழித்துவிட்டால் மிஞ்சியது குற்றப்பத்திரிகைதான்.

இதை அவ்வளவு துல்லியமாக உணர்ந்த ப்ரூஸே கடைசிக் காலத்தில் அதே தவறைச் செய்தான். மேடையில் ஏறி வழக்கின் ஆவணங்களை, சாட்சியங்களைப் படிக்க ஆரம்பித்தான். எதிரே உட்கார்ந்திருந்தவர்களை அவன் கேட்கவில்லை. அந்த அறையில் இல்லாத நீதிபதிகளோடு பேசிக்கொண்டிருந்தான். சபை கலைந்தது. அவன் சொன்னது முழுக்க நியாயம். நியாயம் தன் பக்கம் இருப்பவனுக்கு எதிரே இருப்பவனின் மூச்சு கேட்காமல் போய்விடுகிறது என்பதற்கு ப்ரூஸைவிடத் துயரமான உதாரணம் இல்லை.

ஸ்டீவ் மார்ட்டினின் கதை இதற்கு நேர் எதிர். தத்துவம் படித்த அவன் 1970களில் ஒரு கேள்வி கேட்டான். துணுக்கின் கடைசிச் சொல்லில் சபையின் இறுக்கம் அவிழ்கிறது. அந்தச் சொல்லைக் கொடுக்காமலே விட்டால்? சபை தான் சிரிக்கவேண்டிய இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கும். பழக்கத்தால் வரும் சிரிப்பு ஒழியும். சின்ன அறைகளில் இது பலித்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நிகழ்ச்சி முடிந்தும் மாணவர்கள் போகாததால் அவர்களைக் கூட்டிக்கொண்டே வெளியே நடந்தான். தண்ணீர் இல்லாத நீச்சல் குளம் ஒன்று எதிர்ப்பட்டது. அவர்களை உள்ளே இறங்கச் சொல்லி, அவர்கள் கைகளின்மேல் நீந்திக் கடந்தான். சில வருஷங்களில் அவனைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூடினார்கள். வாயைத் திறக்குமுன்பே சிரித்தார்கள். அவனுடைய வரிகளை அவனோடு சேர்ந்து ஒப்பித்தார்கள். கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை. 1981இல் அந்த மேடையை விட்டுவிட்டான். தோல்வியின் மௌனத்தில் கலைஞனுக்குத் தகவல் உண்டு. எதற்கும் எழும் சிரிப்பில் தகவலே இல்லை.

கடைசிச் சொல்லைக் கொடுக்க மறுப்பதை மார்ட்டின் விளையாட்டாகச் செய்தான். அதைத் தர்மப் பிரச்னையாக்கியவர் டாஸ்மேனியாவைச் சேர்ந்த ஹன்னா காட்ஸ்பி. 2018இல் படமாக வெளிவந்த 'நானெட்' நிகழ்ச்சியின் ஆரம்பத்தில், பஸ் நிறுத்தத்தில் தம்மை ஆண் என்று நினைத்து ஒருவன் அடிக்க வந்ததை வேடிக்கையாகச் சொல்கிறார். பின்னால் அதே சம்பவத்துக்குத் திரும்பி வந்து மீதியைச் சொல்கிறார். அவன் திரும்பி வந்து அடித்தான். சிரிப்பு வரவேண்டுமென்றால் கதை அடிக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். சபையின் தேவை பல வருஷங்களாக அவருடைய வாழ்க்கையையே வெட்டிச் சுருக்கி வந்திருக்கிறது. இறுக்கத்தை உண்டாக்குவதும் அவிழ்ப்பதுமே தம் தொழில் என்று விளக்கிவிட்டு, இந்தமுறை அவிழ்க்கமாட்டேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று இருட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுகிறார். சபையை நுட்பமாக அறிந்தவரால் மட்டுமே சபையின் எந்த நரம்பை அவிழ்க்காமல் விடுவது என்று தேர்ந்தெடுக்க முடியும்.

ஒரே ஒரு சிரிப்பைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் விட்டுப் போனவன் டேவ் ஷப்பெல். கறுப்பர்களைப் பற்றிய பழைய இழிவான உருவங்களைக் கேலி செய்யும் காட்சி ஒன்றைத் தொலைக்காட்சிக்காகப் படமாக்கிக்கொண்டிருந்தபோது அங்கே இருந்த ஒரு வெள்ளையர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இழிவைக் கேலி செய்வதற்கு எழுந்ததா, இழிவுக்கே எழுந்ததா? ஷப்பெலின் காதுக்குச் சந்தேகம் இல்லை. 2005இல் சுமார் 5 கோடி டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டான். பிற்காலத்தில் அவனுடைய மேடைப் பேச்சே மற்றவர்களைக் காயப்படுத்துகிறது என்று குற்றம் சாட்டப்பட்டபோது, அதே காது அவனிடம் எவ்வளவு மிஞ்சியிருந்தது என்பது தனிக் கேள்வி. காது ஒருமுறை கிடைத்துவிட்டால் நிலைத்துவிடுவதில்லை.

6

1950களில் சார்லஸ் டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர் ஓர் இயந்திரம் செய்தார். விசைகளை அழுத்தினால் முன்பே பதிவு செய்த சிரிப்பு வரும். ஆணின் சிரிப்பு, பெண்ணின் சிரிப்பு, அடக்கிய சிரிப்பு, வெடிச் சிரிப்பு. தொலைக்காட்சி நாடகங்கள் பல வருஷங்கள் இந்த இயந்திரத்தை நம்பி வாழ்ந்தன. சபை இல்லாத இடத்தில் சபையின் ஒப்புதல் மட்டும் கிடைத்தது. நிராகரிக்கும் விசை அதில் இல்லை.

ப்ரையரின் படங்களை நான் பார்த்தது இரவில், தனியாக, குழந்தைகள் விழித்துவிடக் கூடாதென்று சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. எப்போதோ கலைந்துபோன ஒரு சபையின் சிரிப்பு என் அறையில் கேட்டது. நான் பல இடங்களில் சிரிக்கவில்லை. அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நம்மைப் பற்றிய ஒரு விஷயம் உறைத்தது.

நமக்குச் சபை இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம். அது பொய். நமக்கும் ஓர் அறை இருக்கிறது. இருபதோ முப்பதோ பேர் கொண்ட அறை. எந்தப் பெயரைச் சொன்னால் அங்கே தலை அசையும், எந்தப் பத்திரிகையைத் திட்டினால் உதட்டோரத்தில் ஒரு புன்னகை வரும் என்று நமக்கு மனப்பாடம். அந்தத் தலையசைப்பு மூன்றாவது வகைச் சிரிப்பு, சம்மதச் சிரிப்பு. அதைப் புரிதல் என்று எடுத்துக்கொள்கிறோம். ஜனரஞ்சக எழுத்தாளன் லட்சம் பேருக்குக் கீழ்ப்படிகிறான். நாம் முப்பது பேருக்குக் கீழ்ப்படிகிறோம். அவனுக்காவது சபை தன்னைக் கைவிடும் நாள் கைக்குத் தெரிந்துவிடும். நமக்குத் தெரிவதில்லை. நம்முடைய அறையில் யாரும் எழுந்து போவதில்லை. படிக்காமல் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அந்த மௌனம் நாற்காலி அசையாத மௌனமா, இருமல் கேட்கும் மௌனமா என்று பிரித்தறியும் காது நம்மிடம் இல்லை. அதை வளர்த்துக்கொள்ளாததை நேர்மை என்று அழைத்துக்கொள்கிறோம்.

ப்ரையர் அலாதீன் மேடையில் கேட்ட கேள்வியை ஒவ்வொருவரும் தத்தம் அறையில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். நான் கேட்டுப் பார்த்தேன். இந்தக் கட்டுரை பெர்க்ஸனையும் ப்ராய்டையும் முதல் பக்கத்திலேயே ஏன் அழைத்து வந்தது என்று யோசித்தேன். அவர்கள் சொன்னது விஷயத்துக்குத் தேவைதான். ஆனால் அவர்கள் பெயரை எழுதும்போது, யார் யார் தலை அசையும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.